நிறம் எண் பதினேழு

துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து டாக்ஸி கனவு கண்டதெல்லாம் வைரக் கடத்தல், கறுப்புக் கண்ணாடி, துரத்தல் என்று பெரிய பெரிய சங்கதிகள். இன்று காலை பதினொரு மணிக்கு அவன் கையில் இருந்தது ஒரு பால்கனித் திரை. கட்டில் மேல் இன்னொன்று கிடந்தது. மூன்றாவது பால்கனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, மோப்பம் பிடிச்சுப் பார்த்துட்டேன். சோப்பு வாசனைதான் வருது" என்றான்.

"உன்னை யாரு மோப்பம் பிடிக்கச் சொன்னது? நிறத்தைப் பாரு" என்றாள் அண்ணி.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பதினைந்து வருஷம் வாடகைக் கார் ஓட்டியதில் அது வழியில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. அண்ணன் கப்பலில் வேலை பார்ப்பவன், வருஷத்துக்கு இரண்டு மாதம் தரையில் இருப்பான். அண்ணி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க் கிளெய்ம்களைப் பிரித்து மேய்ந்துவிட்டு, போன வருஷம் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். கொழுந்தனுக்கு 'உதவியாளர்' என்று கார்டு அடித்துக் கொடுத்தாள். அவன் அதில் 'முதன்மை' என்று பேனாவால் சேர்த்துக்கொண்டான். ஆபீஸில் மொத்தம் இரண்டே பேர் என்பதால் யாரும் சண்டைக்கு வரவில்லை.

இன்றைய கட்சிக்காரி ஒரு நர்ஸ். இரவு டியூட்டி முடித்து எட்டு மணிக்கு வந்தவள் இன்னும் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருக்கவே அவள் சிரமப்படுவது டாக்ஸிக்குத் தெரிந்தது.

"அக்கா, யாரோ என் திரையை மாத்திடறாங்க" என்றாள். "நாலு மாசத்துல மூணு நோட்டீஸ். முதல் நோட்டீஸ் வந்ததும் புதுத் திரை வாங்கினேன். ரெண்டாவது வந்ததும் இன்னொண்ணு வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் விதியில என்ன நிறம் போட்டிருக்கோ அதைக் கேட்டுத்தான் வாங்கறேன். சங்கச் செயலாளர் வந்து பார்த்துட்டு, இது நம்ம நிறம் இல்லங்கறாரு."

"விதியைக் காட்டு" என்றாள் அண்ணி.

குடியிருப்போர் சங்கத்தின் விதிப் புத்தகம் கைக்கு அடக்கமாக இருந்தது. நாற்பத்தோராவது விதியை நர்ஸ் அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள். வெயிலுக்காகவோ மறைவுக்காகவோ பால்கனியில் துணித் திரை போடலாம். நிறம் எண் பதினேழு, இலைப் பச்சை. சங்க அலுவலகத்தில் உள்ள மாதிரித் துணியோடு ஒத்துப்போக வேண்டும். மூன்று முறை தவறினால், வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்லும்படி வீட்டு உரிமையாளரைச் சங்கம் கேட்டுக்கொள்ளும்.

"வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"சங்கத்தோட சண்டை போட எனக்குத் தெம்பு இல்லம்மா, அவங்க சொன்னா நீ கிளம்பித்தான் ஆகணும்னுட்டாரு. இன்னிக்கு அஞ்சு மணிக்கு கமிட்டி. அதுல முடிவு பண்ணிட்டா மாசக் கடைசியில காலி பண்ணணும்." நர்ஸ் ஜன்னல் பக்கம் கை காட்டினாள். "ஆஸ்பத்திரி பின் தெருவுல. பொண்ணு ஸ்கூல் எதிர்ல. அவர் பகல் வேலை, நான் ராத்திரி வேலை. ரெண்டு பேரும் வாசல்ல கைமாத்தி விட்டுத்தான் அவளை வளர்க்கிறோம். இந்த வீட்டை விட்டா அது நடக்காது அக்கா. நான் வேலையை விடணும், இல்லைன்னா அவளை எங்கயாவது கொண்டு போய் விடணும்."

அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும் போலிருக்கிறது என்று டாக்ஸி நினைத்துக்கொண்டான். உடனே பேச்சை மாற்ற வேண்டிய அவசரம் வந்துவிட்டது.

"திரையை எடுத்துட்டா என்ன சிஸ்டர்? பிரச்சினையே இல்லையே."

நர்ஸ் எழுந்து போய்த் திரையை ஓரமாகத் தள்ளினாள். பத்தடி தள்ளி அடுத்த கட்டடத்தின் படிக்கட்டு, வளைந்து வளைந்து ஏறியது. தண்ணீர்க் கேன் தோளில் வைத்தபடி ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். அவர் நின்றார், கட்டிலைப் பார்த்தார், திரைகளைப் பார்த்தார், டாக்ஸியைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்ஸியும் தலையசைத்தான். அவர் மேலே போனார்.

"ஒரு நாளைக்கு இருநூறு பேர்" என்றாள் நர்ஸ். "நான் தூங்கறது பகல்ல."

டாக்ஸி திரையை இழுத்து மூடினான். இனி அதைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

"சரி, கேஸ் முடிஞ்சது" என்றான். "சிஸ்டர் சொல்றதுதான் சரி. யாரோ உள்ள புகுந்து திரையை மாத்தறான். வீட்டைக் காலி பண்ண வைக்கிற திட்டம்."

அண்ணி மூன்று திரைகளின் ஓரத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். பச்சை, பச்சை, பச்சை. எது முதலில் வாங்கியது, எது கடைசியாக வாங்கியது என்று கடைக்காரனே திணறுவான்.

"அப்ப அந்தத் திருடன் பதினேழாம் நம்பர் பச்சையை எடுத்துட்டு, அதே பதினேழாம் நம்பர் பச்சையை மாட்டிட்டுப் போயிருக்கான். ரொம்ப நேர்மையான திருடன்" என்றாள்.

"அப்படின்னா கடைக்காரன். தப்பான நிறத்தைத் தலையில கட்டிட்டான்."

அண்ணி ஓரத்தில் இருந்த துணிப் பட்டைகளைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு திரைகள் ஒரு கடை, ஒன்று வேறு கடை. மூன்றிலும் எண் பதினேழு அச்சாகியிருந்தது.

"ரெண்டு கடைக்காரனும் பேசி வெச்சுக்கிட்டு ஏமாத்தறானுங்க" என்றான் டாக்ஸி, அவ்வளவு உறுதியில்லாமல்.

"தம்பி, மூணு துணியும் ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கு. மூணுமே தப்புன்னு ஒருத்தர் சொல்றாரு. அப்ப நாம துணியைப் பார்க்கக் கூடாது. சொல்றவரைப் பார்க்கணும்." அவள் மடித்த திரை ஒன்றை அவன் கக்கத்தில் செருகினாள். "இதைக் கொண்டு வா. நீ கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்கும்மா."

கதவின் வெளிப்பக்கத்தில் மூன்றாவது நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நாலு மூலையும் ஒரு நூல் பிசகாமல் ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்தால், ஒட்டியவர் அளவுகோல் வைத்து ஒட்டியிருப்பார் என்று தோன்றியது.

கீழே அறிவிப்புப் பலகையில் இந்தக் காலாண்டில் நோட்டீஸ் வாங்கியவர்களின் பட்டியல் இருந்தது. பதினொரு வீடுகள். டாக்ஸி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்தான். நிமிர்ந்து பார்த்துப் பார்த்து அவன் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் இரண்டாவது சுற்றில் அவன் முகம் மலர்ந்தது. டாக்ஸியின் முகம் மலர்ந்தால் யாரோ ஒரு அப்பாவிக்குக் கஷ்ட காலம் என்று அண்ணிக்கு அனுபவம்.

"அண்ணி, பிடிச்சுட்டேன். பதினொரு வீடும் படிக்கட்டுப் பக்கம். ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூட நோட்டீஸ் இல்லை."

"ம்."

"ரோட்டுப் பக்கம் யாரு இருக்கா தெரியுமா? வாட்ச்மேனைக் கேட்டுட்டேன். செயலாளர், பொருளாளர், கமிட்டியில இன்னும் ரெண்டு பேர். எல்லாரும் ஒரே பக்கம். தங்களுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம். இன்னொண்ணும் இருக்கு. ரோட்டுப் பக்கத் திரையெல்லாம் ஒரு பச்சை. படிக்கட்டுப் பக்கத் திரையெல்லாம் இன்னொரு பச்சை. அவங்களுக்குள்ள தனியா ஒரு நிறத்தை வெச்சுக்கிட்டு, மத்தவங்களை விரட்டப் பார்க்கிறாங்க."

"எந்தப் பச்சை வெளுப்பா இருக்கு?"

"ரோட்டுப் பக்கம்தான். ஏன்?"

அண்ணி வாட்ச்மேனிடம் போய் இரண்டே கேள்வி கேட்டாள். திரையெல்லாம் எப்போது மாற்றினார்கள்? கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது, ஒன்றரை வருஷம் முன்னால், இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில். செயலாளர் எப்போது ஆபீஸில் இருப்பார்? இரண்டிலிருந்து நாலு வரை. ஒரு நிமிஷம் முன்னேயும் வர மாட்டார், பின்னேயும் போக மாட்டார்.

"எப்படிச் சோதிக்கிறாரு?" என்று டாக்ஸி தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டான்.

வாட்ச்மேன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சாம்பிள் துணியை ஒரு மரச் சட்டத்துல மாட்டி வெச்சிருக்காரு சார். மாசம் ஒரு தடவை அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வீடு வீடாப் போவாரு. பார்க்கிறவங்களுக்கு, ஏதோ காணாமப் போனவர் படத்தைக் காட்டி விசாரிக்கிற மாதிரி இருக்கும்."

சரியாக இரண்டு மணிக்குச் செயலாளர் அலுவலகத்தைத் திறந்தார். எடை அளவு இன்ஸ்பெக்டராக முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மேஜை மேல் பேனாவும் ஸ்டேப்ளரும் முத்திரைப் பெட்டியும் ராணுவ அணிவகுப்பில் நின்றன. அவர் முதுகுக்குப் பின்னால் நோட்டீஸ் கோப்புகள். மேஜைக்கு எதிரே ரோட்டைப் பார்த்த ஜன்னல். அந்த ஜன்னல் கம்பியில், விரித்த செய்தித்தாளின் ஒரு பக்க அளவுக்கு, மரச் சட்டத்துக்குள் ஒரு பச்சைத் துணி தொங்கியது. அதுதான் புகழ் பெற்ற சாம்பிள்.

"நர்ஸம்மா சார்பா வந்திருக்கோம்" என்றாள் அண்ணி.

"உட்காருங்க. விதியில எல்லாம் தெளிவா இருக்கு" என்றார் அவர்.

டாக்ஸிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதினைந்து வருஷம் பின் சீட்டு வழக்கறிஞர்கள் பேசுவதைக் கேட்டவன், இன்று தன் முறை வந்துவிட்டதாக நினைத்து எழுந்தான்.

"சார், ஒரே ஒரு கேள்வி. பதினொரு வீட்டுக்கு நோட்டீஸ். பதினொண்ணும் படிக்கட்டுப் பக்கம். உங்க பக்கம் ஒண்ணு கூட இல்லை. வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு பார்த்துப் போடறீங்களா?"

செயலாளர் கோபப்படவில்லை. திரும்பி ஒரு கோப்பை எடுத்து, பக்கம் புரட்டி, டாக்ஸியின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"ஏழாவது நோட்டீஸ். படிங்க."

டாக்ஸி படித்தான். அஞ்சாவது மாடி, படிக்கட்டுப் பக்கம், ஒரு பெண் பெயர். அதற்குக் கீழே 'த/பெ' என்று போட்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் பெயர்.

"என் பொண்ணு" என்றார். "சொந்த வீடு வாங்கி இங்கயே வந்தா. நோட்டீஸ் கொடுத்து நாற்பது நாளாச்சு. என்கூடப் பேசறதில்லை. பேரனையும் அனுப்பறதில்லை. விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

டாக்ஸி உட்கார்ந்தான். நாற்காலி கொஞ்சம் தாழ்ந்துவிட்டதைப் போல அவனுக்கு இருந்தது. ஒரே நாளில் மூன்று தடவை மூக்கு உடைபடுவது அவனுக்கே புதுசு. பெண்ணுக்கே நோட்டீஸ் கொடுத்த மனுஷன் பாரபட்சம் பார்க்க மாட்டார். அப்படியானால் நர்ஸம்மா கதி அவ்வளவுதானா?

அண்ணி இதில் எதையும் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அவள் கண் அலமாரிக்கு மேலே சுவரில் இருந்தது. அங்கே ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே நாற்சதுரமாக ஒரு இடம் மட்டும் சுவர் புதுசாக இருந்தது. அதற்கும் கீழே டைப் அடித்த ஒரு சீட்டு: 'அங்கீகரிக்கப்பட்ட மாதிரி. தொட வேண்டாம்.'

"சார், அங்க சீட்டு மட்டும் இருக்கு. சாம்பிளைக் காணோமே."

"அதான் ஜன்னல்ல தொங்குதே."

"எப்ப இடம் மாத்தினீங்க?"

செயலாளர் முதல் தடவையாகப் பேனாவைக் கோணலாக வைத்தார். "இந்த ஜன்னலுக்கு ஒரு தட்டி இருந்தது. போன வருஷம் கயிறு அறுந்து விழுந்துடுச்சு. புதுசு போடணும்னா கமிட்டி ஒப்புதல் வேணும். மூணு கூட்டத்துலயும் நேரம் இல்லாம தள்ளிப் போயிடுச்சு. அதுவரைக்கும் தற்காலிகமா..."

"கமிட்டிக்கு நேரம் ஒதுக்கறது யாரு சார்?"

"நான்தான்."

டாக்ஸி இருமினான். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

"அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கிறீங்களா?" என்றாள் அண்ணி.

செயலாளர் எழுந்து சட்டத்தைக் கழற்றினார். கழற்றிய அடுத்த நொடி, ஜன்னல் வழியாகப் பிற்பகல் வெயில் முழுசாக உள்ளே இறங்கி அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அவருக்கு உட்கார இடமில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"இந்த ரெண்டு மணி நேரம்தான் இப்படி" என்றார். "நாலு மணிக்கு மேல வெயில் ரோட்டுக்கு எதிர்ல இருக்கிற கட்டடத்துக்குப் பின்னால போயிடும்."

"நாலு மணிக்கு நீங்களும் போயிடுவீங்க" என்றாள் அண்ணி. "தம்பி, சாருக்கு நிழல் கொடு."

டாக்ஸி கக்கத்தில் இருந்த திரையை விரித்து ஜன்னல் கம்பியில் செருகினான். அறை குளிர்ந்தது. நாற்காலி திரும்பக் கிடைத்தது.

"நீங்க தள்ளுபடி பண்ணின திரைதான் சார்" என்றான். "ஆனா நிழல்ல குறை ஒண்ணும் தெரியலை."

அண்ணி சட்டத்தை மேஜை மேல் வைத்தாள். "இதைப் பிரிச்சுப் பார்க்கணும்."

"முடியாது. அது சங்கத்தோட சாம்பிள். யாரும் கை வைக்கக் கூடாது."

"சரி, வேண்டாம். உங்க பழைய வேலையைப் பத்தி ஒண்ணு கேக்கறேன். ஒரு கடைக்குச் சோதனைக்குப் போறீங்க. கடைக்காரன் எடைக்கல் சரியான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க கையில சர்க்கார் எடைக்கல் இருக்கும். அதை ஒரு தட்டுல வைப்போம், அவனுடையதை இன்னொரு தட்டுல வைப்போம்."

"உங்க கல்லு சரின்னு எப்படித் தெரியும்?"

"அதெப்படி தெரியாம இருக்கும்? வருஷத்துக்கு ஒரு தடவை தலைமை ஆபீஸுக்கு அனுப்பி, அங்க பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருக்கிற கல்லோட ஒப்பிட்டு, தேதி போட்டு வாங்கணும். தேதி போடாத கல்லை எடுத்துக்கிட்டு நான் ஒரு நாளும் கடைப் படி ஏறினதில்லை. கையில எடுத்து எடுத்துக் கல்லே தேய்ஞ்சிருந்தா? நாம சரியா இருக்கிறவனைத் தண்டிச்சுட்டு..."

அங்கே நின்றுபோனார். மேஜை மேல் கிடந்த சட்டத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலில் தொங்கிய நர்ஸின் திரையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் சட்டத்தை.

டாக்ஸிக்குச் சொல்ல நாலு வார்த்தை நுனி நாக்கில் இருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

"ஸ்க்ரூடிரைவர் இருக்கா?" என்று செயலாளர் கேட்டார்.

காரை விற்றாலும் டாக்ஸி ஸ்க்ரூடிரைவரை விடவில்லை, சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். எடுத்துக் கொடுத்தான். செயலாளர் தன் கையாலேயே நாலு திருகாணியையும் கழற்றினார். ஒவ்வொன்றையும் வரிசையாக மேஜை மேல் வைத்தார். மேல் சட்டத்தைத் தூக்கினார்.

துணியின் நடுவில் எல்லாம் வெளுத்த பச்சை. சட்டத்தின் மரம் மூடியிருந்த நாலு ஓரத்திலும், ஒரு விரல் அகலத்துக்கு, கரை போட்ட மாதிரி வேறொரு பச்சை ஓடியது. அப்போதுதான் கடையில் வெட்டி வாங்கியது போல, அழுத்தமான இலைப் பச்சை.

டாக்ஸி ஜன்னல் திரையின் நுனியை இழுத்து அந்த ஓரத்தின் மேல் வைத்தான். எது சாம்பிள், எது திரை என்று தெரியவில்லை.

"ஒரு வருஷமா தினமும் வெயில் குடிச்சிருக்கு" என்றாள் அண்ணி மெதுவாக. "ரோட்டுப் பக்கத் திரையும் அதே வெயிலைத்தான் குடிச்சது. அதனால அதெல்லாம் இதோட சேர்ந்து வெளுத்துடுச்சு, உங்க சோதனையில தேறிடுச்சு. படிக்கட்டுப் பக்கம் வெயிலே விழறதில்லை. அங்க நிறம் அப்படியே இருக்கு. அதுக்குத்தான் தண்டனை."

"அப்ப சிஸ்டர் எத்தனை புதுத் திரை வாங்கினாலும்?" என்றான் டாக்ஸி.

"விதிப்படி வாங்க வாங்க, தப்பாத்தான் இருக்கும். புதுசு எப்பவும் இதைவிட அழுத்தமாத்தானே இருக்கும்? ஒரு பழைய துணியைக் கிழிச்சுத் தொங்க விட்டிருந்தா பாஸ் ஆகியிருப்பா."

டாக்ஸி இதுவரை பிடித்த குற்றவாளிகள் எல்லாம் ஓடப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் பொய் சொல்வார்கள். இந்த ஆள் இரண்டும் செய்யாமல் அந்தக் கரையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். இவரைப் பிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட டாக்ஸிக்கு வரவில்லை.

"சர்வீஸ்ல ஒரு கடையைப் பூட்டினேன்" என்றார் செயலாளர். "அவனோட ரெண்டு கிலோ கல்லு தேய்ஞ்சிருந்தது. சார், நான் ஒண்ணும் பண்ணலை, அது தானா தேய்ஞ்சதுன்னு கெஞ்சினான். தானாகத் தேய்ந்திருந்தாலும் குற்றமேன்னு என் கையால எழுதினேன். நல்லா எழுதியிருக்கேன்னு மேலதிகாரி கூடப் பாராட்டினாரு."

"அந்தக் கடைக்காரனுக்காவது ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தாரு, உங்க சாம்பிளைச் சோதிக்க யாருமே வரலையே சார்" என்றான் டாக்ஸி. அவன் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அது வேடிக்கையாக இல்லை.

செயலாளர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பதினொரு வீட்டு நோட்டீஸும் ரத்து என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'மாதிரி தவறு' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'செயலாளர் தவறு' என்று எழுதினார். அவர் கோப்புகளில் அடித்தல் திருத்தலோடு கிளம்பிய முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். முத்திரையைக் குத்தினார். அதுவும் லேசாகச் சாய்ந்து விழுந்தது.

"கமிட்டி அஞ்சு மணிக்குத்தானே?" என்றாள் அண்ணி.

"நோட்டீஸ் ஒட்டறதுக்கு நான் கமிட்டியைக் கேக்கலை. எடுக்கிறதுக்கும் கேக்க மாட்டேன்." எழுந்தார். "வாங்க, மேல போகலாம்."

லிஃப்டில் டாக்ஸி கேட்டான். "சார், முதல்ல உங்க பொண்ணு வீடா?"

"இல்லை. அவளுக்கு என் மேல கோபம் மட்டும்தான். இந்தப் பொண்ணுக்கு வீடே போக இருந்தது."

மூன்றாவது மாடியில் நர்ஸின் கதவுக்கு முன்னால் மூவரும் நின்றார்கள். உள்ளே சத்தமில்லை. அழைப்பு மணியை அமுக்கப் போன டாக்ஸியின் கையை அண்ணி தட்டிவிட்டாள். செயலாளர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டீஸின் ஒரு மூலையை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். அவரே ஒட்டியது, அவ்வளவு லேசில் வரவில்லை. டாக்ஸி ஸ்க்ரூடிரைவரை நீட்டினான். வேண்டாம் என்று தலையசைத்தார்.

கால்வாசி கிழிந்தபோது உள்ளே கட்டில் முனகியது. கதவு ஒரு சாண் திறந்தது. தூக்கத்தில் வீங்கிய முகத்தோடு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். செயலாளரைப் பார்த்ததும் அவள் கை கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டது.

"அஞ்சு மணின்னுதானே சொன்னீங்க சார்?" என்றாள். "பாப்பா இன்னும் ஸ்கூல்ல இருந்து கூட வரலை."

செயலாளர் கையில் கிழிந்த காகிதத் துண்டோடு நின்றார். சொல்ல வேண்டியதை லிஃப்டில் வரும்போதே அவர் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். விதி எண்ணும் நோட்டீஸ் எண்ணும் அதில் இருந்திருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டார்.

"உன் திரை சரியாத்தான் இருக்கும்மா" என்றார். "மூணு திரையும் சரிதான். என் சாம்பிள்தான் வெளுத்துப் போயிருக்கு. நான் பார்க்கலை. மன்னிச்சுக்கோ. நீ எங்கயும் போக வேண்டாம்."

நர்ஸ் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையசைத்தாள். டாக்ஸியைப் பார்த்தாள். டாக்ஸி இரண்டு தடவை தலையசைத்தான். காலையில் அழத் தெம்பில்லாமல் இருந்தவளுக்கு இப்போது கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

"அப்ப நான் தூங்கலாமா சார்?"

"தூங்கும்மா."

கதவு மூடியது. தாழ் விழுந்தது. உள்ளே பால்கனிப் பக்கம், திரையின் வளையங்கள் கம்பியில் கடைசி வரைக்கும் ஓடி நின்றன. செயலாளர் மீதி நோட்டீஸைச் சத்தம் வராமல் உரிக்கத் தொடங்கினார்.